காது பழகியது, வாய் பழகவில்லை

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு மூன்று படகுக்கு முதலாளியானவன் நான். என் சிங்களத்தை இதுவரை எவரும் குறை சொன்னதில்லை. மன்னார் பஸ்ஸில் முன் இருக்கையில் வங்காலைப் பெண்கள் இருவர்.

“காது திறந்ததுதான்டி எனக்குப் பிழையாப் போச்சு.”

“என்னடி சொல்லுறாய்?”

“சிங்களத்திலை மூக்காலை பாதியா விடுற சத்தம் ஒண்டு இருக்கு. ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. கொழும்பிலை இருக்க இருக்க, தன்பாட்டிலை கேட்கத் துவங்கிட்டுது.”

“நல்லதுதானே!”

“வாயிலை வருகுதில்லையே. வாடகை அறை கேட்டுப் போன் எடுத்தனான். இருக்கெண்ட வீட்டுக்காரி, நான் ரெண்டு வசனம் கதைச்சவுடனை இல்லையெண்டுட்டா. முந்தியெண்டால் நம்பியிருப்பன். இப்ப என்ரை வாய் பிழைவிட்டு, தமிழெண்டு காட்டிக்குடுக்கிறது எனக்கே கேட்குது.”

“வேறை அறை பாரன்.”

“எத்தினை பேரிட்டை கேட்கிறது? அதுதான் வேலையை விட்டிட்டு ஊருக்கு வாறன்.”