நானூற்றுப் பன்னிரண்டு நாள்

குன்னூர்க் குளிரில் பச்சைத் தண்ணீரில் கை கழுவ யாருக்கும் மனம் வராது. ஜனவரியில் குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகும். அப்படியிருந்தும் எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை எல்லோரையும் ஏழு படிகளில் கை கழுவப் பழக்கியவள் நான். நோய்த்தொற்றுத் தடுப்பு முழுக்க என் பொறுப்பு. கை கழுவும் தினத்தன்று கோலப்போட்டி கூட வைத்தேன். சோப்புக்கட்டி சூலமெடுத்துக் கிருமியைக் குத்துவதாகப் போட்ட கோலத்துக்கு முதல் பரிசு.

வரவேற்பறையில் 'தொற்று இல்லாத நாட்கள்' என்றொரு பலகை உண்டு. எண்ணை நான்தான் மாற்றுவேன். போன மார்ச்சில் அது நானூற்றுப் பன்னிரண்டைத் தொட்டது. அடுத்த வாரம் தரச்சான்றிதழ் தர ஆய்வுக் குழு வருவதாக இருந்தது.

அன்றைக்குப் பார்த்து முனியசாமியின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எமரால்டு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். வாரம் இருமுறை டயாலிசிஸுக்கு வருவார். அவருக்கு ஹெபடைடிஸ் சி இருந்தது. ரத்தத்தின் வழியே பரவுவது. இப்படி வந்தால் அவருக்குத் தனி இயந்திரம் ஒதுக்கி, மற்ற எல்லோரையும் சோதிக்க வேண்டும். இந்த வகுப்பை எடுப்பவளே நான்தான். பலகையில் பூஜ்யம் போடவேண்டி வரும். காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பதிவேட்டில் 'தொற்று இல்லை' என்று எழுதினேன். ஒரு வாரத்துக்கு மட்டும்.

டயாலிசிஸ் நர்ஸ் ராஜப்ரியா சின்னப் பெண். விவரமானவள்.

"ஏனுங்க சிஸ்டர், முனியசாமி அண்ணன் ரிப்போர்ட் வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சும்மா. ஒண்ணுமில்ல."

"அப்ப எப்பவும் போடற மெசினிலயே போட்டுரட்டுங்களா?"

"போட்டுரு."

ஆய்வு சிறப்பாக நடந்தது. துப்புரவுப் பணியாளர் தெய்வம்மாவைக் கை கழுவிக் காட்டச் சொன்னார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை. அவள் அசரவில்லை; வெறுங்கையாலேயே ஏழு படியும் செய்து காட்டினாள். குழுவினர் கைதட்டினார்கள்.

சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினோம். மாட்டிய வாரத்திலேயே முனியசாமி விஷயத்தைச் சொல்வது நாகரிகமாக இருக்காது. அடுத்த மாதம் எனக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். சால்வையைப் போர்த்திக்கொண்டு எப்படிச் சொல்வது?

ஜூன் மாதச் சோதனையில் நான்கு பேருக்கு வந்தது. அதில் கேத்தியில் கேரட் பயிரிடும் பாலாமணியும் ஒருத்தி. கணவனின் சிறுநீரகத்தை அவளுக்கு மாற்றுவதாக நாள் குறித்திருந்தார்கள். தொற்றுக்கு மருந்து சாப்பிட்டு முடித்த பிறகுதான் அறுவைச் சிகிச்சை என்று கோயம்புத்தூரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"நானென்ன தப்புப் பண்ணுனேனுங்க சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"நீ ஒண்ணும் பண்ணலம்மா" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்.

மருந்து முடியுமுன் ஆகஸ்டில் இறந்துபோனாள். மாரடைப்பு என்று எழுதியிருக்கிறார்கள். அதைத் தொற்றுக் கணக்கில் சேர்க்க முடியாது.

யாராவது பதில் சொல்லியாக வேண்டுமே. ஒருநாள் ஒரே மருந்துக் குப்பியிலிருந்து இரண்டு நோயாளிகளுக்கு ஊசி மருந்து எடுத்ததாக ராஜப்ரியா தானாகவே ஒப்புக்கொண்டாள். ஆறு பேருக்கு ஒரே நர்ஸ். கையுறையும் அன்று தீர்ந்துபோயிருந்தது. யாருக்கும் தொற்றில்லை என்று பதிவேடு சொல்லும்போது அவளுக்குப் பயமில்லை. வேலையை விட்டு அனுப்பும் கடிதத்தை நானே எழுதினேன். கடுமையான சொல் ஒன்றுகூட அதில் இல்லை. அழுதுகொண்டே என் கையைப் பிடித்து, "உங்க பேரக் கெடுத்துட்டேனுங்க" என்றாள். மன்னித்துவிட்டேன்.

இப்போது நீங்கள் ஞானசேகரனைப் பற்றிக் கேட்கிறீர்கள். மறைக்க ஒன்றுமில்லை. அவர் என் உடன்பிறந்த அண்ணன். வெலிங்டனில் ராணுவ அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அவருக்கும் இங்கேதான் டயாலிசிஸ். முனியசாமி எழுந்ததும் அதே இயந்திரத்தில் அடுத்து அவர். முனியசாமியின் காகிதம் வந்த அன்று மதியமே அவரைக் காரில் ஏற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். அங்கே புதிய இயந்திரங்கள் என்று சொன்னேன். காலியான அந்த இடத்தைத்தான் பாலாமணிக்குக் கொடுத்தேன். மாலையில் முடிந்தால் கேத்தி பஸ்ஸைத் தவறவிடுகிறேன் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுவாரம் ஒரு பை நிறைய கேரட் கொண்டுவந்து கொடுத்தாள்.

அண்ணனுக்கு இதுவரை மூன்று முறை சோதித்தாயிற்று. எந்தத் தொற்றும் இல்லை. அதையும் உங்கள் அறிக்கையில் குறித்துக்கொள்ளுங்கள். என் பராமரிப்பில் இருந்த ஒருவருக்கும் நான் தெரிந்தே நோயை வரவிட்டதில்லை.