மதிலை அவள் மறைக்கவில்லை

சாலையோரப் படம் ஒன்றைப் பார்த்து அது எந்த நாடு என்று சொல்வது பெரிய வித்தை இல்லை, மேடம். பழகினால் உங்களுக்கும் வரும். தக்கலையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் அதுதான் எங்கள் பிழைப்பு. கம்ப்யூட்டருக்கு அடையாளம் பழக்க வெளிநாட்டுத் தெருப் படங்கள் வரும். மின்கம்பம், போர்டு, வண்டி, ரோட்டுக் கோடு என்று லிஸ்டில் உள்ள ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போட வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு படம். நாலு வருஷத்தில் நாடுகள் தானாகக் கண்ணில் ஏறிவிட்டன.

ஜாஸ்மி என் பக்கத்து சீட். கல்லூரியிலிருந்தே கூட்டு. கடியப்பட்டணத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் டெனிஷ் கொதிக்கிற மீன்குழம்பைத் தோளில் ஊற்றிய மறுநாளும், துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு வேலைக்கு வந்தவள். இரண்டு மாதத்தில், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வெளிநாடு போய்விட்டாள். எந்த நாடு என்று பெற்ற தாய்க்குக்கூடச் சொல்லவில்லை. "நான் போய்க் காலூன்றினதும் ஒன்னையும் கூப்பிடுவேன் மக்கா" என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

நான் நம்பினேன். எங்கள் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். அப்பா ரப்பர் வெட்டுகிறவர். அந்த டிகிரியைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி, அதன் கீழே உட்கார வைத்துத்தான் என்னைப் பெண் பார்த்தார்கள். மாப்பிள்ளை ஆன்ட்ரூஸ் கேட்டார்: "கெட்டுனதுக்குப் பொறவும் வேலைக்குப் போணுமா? படம் பாக்கதுதானே, வீட்டுல டிவி இருக்கு." எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். தை மாதம் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள்.

அன்றே ஜாஸ்மியிடம் போனில் பேசினேன். இங்கேயே இருந்தால் செத்துப்போவேன் என்றேன்.

"இப்போ முடியாது ஏட்டி. எனக்க நெலமையே ஆட்டங்கண்டு கெடக்கு. கொஞ்சம் பொறு."

"எந்த நாடுன்னாவது சொல்லு."

"அது மட்டும் கேக்காத. ஒன்ன நம்பாம இல்ல."

நம்பாதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள்.

என்னைச் சமாதானப்படுத்த ஒரு படம் அனுப்பினாள். தெருவில் நின்று சிரிக்கிறாள். தொழில் தெரிந்தவள் அல்லவா, கம்பம், போர்டு, வண்டி, ரோட்டுக் கோடு என்று எங்கள் லிஸ்டில் உள்ள எல்லாவற்றையும் மங்கலாக்கியிருந்தாள். மதில் எங்கள் லிஸ்டில் கிடையாது. அதை அப்படியே விட்டுவிட்டாள். சாந்து பூசாமல் அடுக்கிய தேன்நிறச் சுண்ணாம்புக்கல். மேலே சப்பாத்திக்கள்ளி. பின்னால் ஒரு வீட்டில், பச்சைச் சாயம் அடித்து மரத்தால் மூடிய பால்கனி. டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டேன். மால்டா.

டெனிஷ் என்னைத் தேடி வந்து அழுதான், இரக்கப்பட்டுச் சொன்னேன் என்று முதலில் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருந்தேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அவன் வரவில்லை. நான்தான் அரைநாள் லீவு போட்டு, பஸ் ஏறிக் கடியப்பட்டணம் போனேன். கரையில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"மால்டாவா? பெரிய நாடா குளோரி?"

"நம்ம மாவட்டத்துல அஞ்சுல ஒரு பங்குதான் வரும்."

"அதுக்குள்ளயும் எங்க போய்த் தேட?"

"தேடாண்டாம். நம்ம ஆளுவ ஞாயித்துக்கிழமை எந்தக் கோயில்ல பூசைக்குக் கூடுதாவன்னு மட்டும் கேளு. அவ பூசை தவற மாட்டா."

எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. விசா விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். பயண நோக்கம் என்ற இடத்தில், புனிதத் தலங்களைத் தரிசிக்க என்று எழுதினேன்.

விசா வர நாற்பது நாள் ஆனது. ஞாயிறுதோறும் ஜாஸ்மி சர்ச்சில் பூசை முடிந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். நானும் பதில் போடுவேன். ஐந்தாவது ஞாயிறு, "ஏட்டி குளோரி, ஒனக்கு இங்க ஒரு வேல பேசி வச்சிருக்கேன், பாஸ்போர்ட்டு காப்பி அனுப்பு" என்றாள். அனுப்பினேன். அடுத்த வாரம் டெனிஷுக்கு விசா வந்தது. போகாதே என்றால் ஏன் என்று கேட்பான். அதனால் சொல்லவில்லை. ஜாஸ்மியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், அவள் என்னை நம்பாதது சரிதான் என்று ஆகிவிடும்.

அங்கே போய்ச் சேர்ந்த முதல் ஞாயிறே, பூசை முடிந்து இறங்கியவளைக் கோயில் படிக்கட்டில் வைத்துக் குத்தினான். மூன்று இடத்தில் என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள்.

அவளைக் கூட்டிக்கொண்டு வரத்தான் போகிறான் என்று நான் நினைத்தேன், மேடம். மறுபடியும் என் பக்கத்து சீட்டில் வந்து உட்காருவாள், எனக்குப் பேச ஒரு ஆள் இருக்கும் என்று நினைத்தேன். வேறு எண்ணம் எனக்கு இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். டிக்கெட் எடுத்ததும் நான்தான். டெனிஷ் பேரில் போக ஒன்று, வர ஒன்று. ஜாஸ்மி பேரில் வருவதற்கு ஒன்று எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.