பூஜையிலிருந்து கூரைக்குப் போன போல்ட்டுகள்

தலைமையேற்று வீற்றிருக்கும் ஊர்ப்பெரியவர் அப்பாவு அண்ணன் அவர்களே! பட்டறை மேலாளர் சாம்சன் ஐயா அவர்களே! தூறலையும் பொருட்படுத்தாமல் மடியில் மழலையோடு மணலில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! வல்லக்கோட்டைச் சாலைவரை வரிசைகட்டி நிற்கும் வாலிபர்களே! உங்கள் எல்லோரையும் செங்கமலம் கைகூப்பி வணங்குகிறேன்.

யார் இந்தச் செங்கமலம்? பட்டறைக் கேண்டீனில் டீ ஊற்றுகிறவள் என்றா சொல்வீர்கள்? சென்னைத் துறைமுகத்தில், வானை முட்டும் கிரேனை வலக்கையால் வளைத்து ஆட்டுகிறானே கார்முகில், அவனைப் பெற்றவளைப் பெற்றவள் நான்! பத்தாம் வகுப்பில் நானூற்று முப்பத்தொன்று வாங்கிக் குன்றத்தூரே திரும்பிப் பார்க்க வைத்த பூஜாவின் ஆயா நான்! கணக்குப் பரீட்சையை மூன்றாவது தடவையில் முறியடித்து, ஐ.டி.ஐ.யில் இடம் பிடித்த லோகேஷின் ஆயாவும் நானே!

என்ன, பின்வரிசையில் சிரிப்பு? மூன்று தடவை எழுதினால் கை வலிக்காதா? தேறினானா இல்லையா? தட்டுங்கள் கையை! ஆங், அப்படி!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நூற்றுப் பதின்மூன்று உயிரைப் புயலிலிருந்து காத்தவள் என்று சொல்லி அப்பாவு அண்ணன் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். போர்த்திய நேரத்திலிருந்து அது முதுகில் முள்ளாய்க் குத்துகிறது. ஏன் குத்துகிறது? அந்த நூற்றுப் பதின்மூன்று உயிருக்கும் ஆபத்தை இழுத்து வந்தவளும் நான்தான். சொல்லிவிட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

இந்த வருஷத்து வெயிலை மறந்தவர் உண்டா? அக்னி நட்சத்திரம் அடுப்பாய் எரிந்தது. நம் ஸ்பிரிங் பட்டறையின் தகரக் கூரை தோசைக்கல்லாய்த் தகித்தது. அதன்கீழ் நாற்பது பெண்கள். கேட்டோம் மின்விசிறி, கிடைத்தது மௌனம். ஐயா, கோபிக்க வேண்டாம், நடந்ததைத்தான் சொல்கிறேன். ஒருநாள் ராஜம்மா மெஷின்மேலேயே மயங்கிச் சாய்ந்தாள். ஒரு விரல் தள்ளி விழுந்திருந்தால் முகம் போயிருக்கும். நான் ஃபிட்டர் முனிரத்தினத்தைப் பிடித்தேன்.

"உச்சி வரிசைத் தகரத்துப் போல்ட்டையெல்லாம் கழட்டு. அடியிலே ஒரு செங்கல்ல சொருகு. காத்து பூரட்டும்" என்றேன்.

"மழை வந்தா?"

"வந்தா வாளி வெச்சிக்கலாம். இவ செத்தா இன்னா வெப்பே?"

கழற்றினான், அறுபத்து நான்கு போல்ட். எண்ணெய் டின்னில் போட்டு வைத்தான். காற்று வந்தது, கண்ணீர் நின்றது, கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆடியில் தூறியபோது வாளி வைத்தோம். தகரத்தை மூடத் தோன்றவில்லை.

ஆவணியில் வந்த கார்முகில் ஒரு சேதி சொன்னான். "ஆயா, துறைமுகத்திலே காலை வெச்சா தண்ணி வெந்நீர் கணக்கா கீது. அந்தச் சூடுதான் புயலுக்குத் தீனின்றாங்க ஆபீசருங்க."

"கடலுக்கு யாருடா அடுப்பு மூட்டினது?"

"உன் தகரத்துக்கு மூட்டினவன்தான்!"

சிரித்தேன். கடலுக்கும் நமக்கும் இருபத்தைந்து மைல் இருக்கிறதே, அங்கே கொதித்தால் இங்கே என்ன என்று சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். இல்லையென்று சொல்லுங்கள் பார்ப்போம்!

வந்தது ஆயுத பூஜை. ஸ்பேனர், சுத்தியல், அரம் எல்லாவற்றையும் கழுவினோம். சந்தனம் பூசினோம், குங்குமம் வைத்தோம். டின்னில் கிடந்த போல்ட்டையும் விடவில்லை. அறுபத்து நான்குக்கும் பொட்டு வைத்துச் சரஸ்வதி படத்தின் காலடியில் பரப்பினேன். மறுநாள் காலையில் படத்தை வடக்கே நகர்த்தும்வரை ஒரு கருவியையும் தொடக்கூடாது, அது நம் வழக்கம்.

அன்று மதியமே வானொலி புயல் என்றது. ஏரிக்கரைக் குடிசைக்காரர்கள் பட்டறையில் தங்கட்டும், அங்கேதான் செங்கல் சுவர் இருக்கிறது என்று அப்பாவு அண்ணன் தண்டோரா போட்டார். பாயோடு வந்தார்கள், பானையோடு வந்தார்கள். நிறைமாதக் கங்காவும் இடுப்பைப் பிடித்தபடி வந்தாள். புயலுக்கு முன் ஓடிய கடைசி பஸ்ஸில் நனைந்துகொண்டு இறங்கினான் கார்முகில். அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தான்.

"ஆயா, போல்ட்டு எங்கே? அந்தச் சந்துல காத்து பூந்துச்சுன்னா மொத்தக் கூரையும் பிச்சிக்கினு போவும். கீழே கீறவங்க மேலதான் தகரம் விழும்!"

அம்மா! திரும்பிப் பார்த்தேன். பூவுக்கு நடுவே பொட்டு வைத்த போல்ட்டுகள்.

"முனிரத்தினம், ஸ்பேனரை எடுப்பா."

"என்னால ஆவாது அக்கா. போன வருசம் பூஜையன்னிக்கு மெஷினைத் தொட்ட நம்ம பட்டறை மண்ணாங்கட்டிக்கு விரல் நுனி போச்சு. நீயும்தானே பார்த்தே?"

பார்த்தேன்தான். அவன் பயம் பொய்ப்பயம் இல்லை. அப்போது ராஜம்மா குரல் கொடுத்தாள்: "காத்து இல்லாம விழுந்தவ நானு. சாமி கேட்டா என்னைக் கேக்கட்டும்யா!"

"உன்னை ஏன்டி கேக்கணும்? கழட்டச் சொன்னவ நானு" என்றேன். படத்தின் முன் விழுந்து கும்பிட்டேன். எழுந்து, இரண்டு கையாலும் படத்தைப் பிடித்து வடக்கே ஒரு சாண் நகர்த்தினேன்.

"பூஜை முடிஞ்சுது."

"நாளைக்குத்தானே அக்கா நகர்த்தணும்?"

"நகர்த்த நாளைக்கு நாம இருக்கணுமா, வேணாமா?"

முனிரத்தினம் என்னைப் பார்த்தான், கங்காவைப் பார்த்தான். சந்தனம் வழியும் ஸ்பேனரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஏறினார்கள் அவனும் கார்முகிலும். இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை கீழே பன்னிரண்டு பெண்களின் கையில். செங்கல்லை உருவித் தகரத்தைப் படியவைத்தார்கள். சந்தனத்தில் போல்ட் வழுக்கியது. மழையில் தகரம் வழுக்கியது. கயிற்றைப் பிடித்த கை வழுக்கவில்லை, தாய்மார்களே, வழுக்கவில்லை! கடைசி போல்ட்டை முறுக்கியபோது பொழுது இன்னும் சாயவில்லை. முறுக்கி இறங்கிய அரைமணியில் காற்று வந்தது.

என்ன காற்று! கூரை அலறியது, சுவர் அதிர்ந்தது, பிள்ளைகள் கதறின. கங்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியின் நகக்குறி இன்னும் இருக்கிறது. விடிந்தபோது ஏரிக்கரையில் ஒரு குடிசை இல்லை. ஆனால் நம் தலைக்குமேல் ஒரு தகரம் அசையவில்லை. ஆள்களை எண்ணினோம். நூற்றுப் பதின்மூன்று! மறுபடியும் எண்ணினோம். நூற்றுப் பதின்மூன்று! நான் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அழுது முடித்தபின் அப்படி ஒரு பசி எடுத்தது, பூஜைப் பொரி முழுவதையும் தின்று தீர்த்தேன்.

மக்களே, வெயில் மறுபடி வராதா? வரும். கடல் மறுபடி கொதிக்காதா? கொதிக்கும். நம்மைச் சுட்ட வெயில்தான் கடலைச் சுட்டது. கடலைச் சுட்ட வெயில்தான் காற்றாய் வந்து கதவைத் தட்டியது. இருபத்தைந்து மைல் என்பது அதற்கு ஒரு தூரமா? ஆகவே சித்திரையில் எதைத் திறந்தாலும் ஆவணியில் அதை மூடுவோம்! அதற்காக அடுத்த கோடையில் பெண்கள் வெந்து சாகவும் கூடாது. சாம்சன் ஐயா, இழுத்து மூடும் ஜன்னல் எட்டு வேண்டும், மின்விசிறி பத்து வேண்டும். தருவீர்களா? தலையை ஆட்டுகிறார்! எல்லோரும் பார்த்துக்கொண்டீர்களா? நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்!

முனிரத்தினம், மேடைக்கு வா. வெட்கப்படாதே. இந்தப் பொன்னாடை உன் தோளுக்கு. நான் செய்த தவற்றைச் சொல்ல இடம் கொடுத்த சபைக்கு நன்றி, சொன்னபின்னும் எழுந்து போகாத உங்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி.

போட்டோ பிடிக்கும் தம்பி, கொஞ்சம் நில்லப்பா. கார்முகில் அன்று காற்று அடங்கியதும், நாம் எண்ணுவதற்கு முன்பே, துறைமுக வேலைக்கு ஓடிவிட்டான். "எல்லாரும் நல்லாக் கீறாங்களா ஆயா" என்று இரண்டு கடிதம் போட்டுவிட்டான். அந்த நூற்றுப் பதின்மூன்று பேரும் எழுந்து பட்டறைக் கூரைக்குக் கீழே வாருங்கள். கங்கா, நீ முன்னால் வந்து, பிறந்து எட்டு நாளான உன் மகளின் முகம் தெரிகிறமாதிரி பிடி. புதுப் படமாக ஒன்று எடுத்து, நாளைத் தபாலிலேயே அவனுக்கு அனுப்பிவிடு தம்பி. அவனும் எண்ணிப் பார்க்கட்டும். ஒன்று கூடுதலாகவே வரும்.

வணக்கம்!