இடது கால் செருப்பு

புதுத் துணியில் தைத்த செருப்பு காலைக் கடிக்கும். வீட்டுக்குள் போட்டுக்கொள்வதற்கு என்றால் பத்து வருஷமாவது துவைத்த பருத்திப் புடவைதான் வேண்டும். அதை ஆறு மடிப்பாக மடித்து, நடுவில் ஒரு பழைய துவாலையை வைத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டு மிஷினில் ஓட்டினால் மெத்தென்று வந்துவிடும். இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். நடந்ததை ஒன்று விடாமல் என் கைப்பட எழுதித் தரச் சொன்னது நீங்கள்தான் சார், அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் காமாக்ஷி. வயது அறுபத்திரண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றேன். அபிராமபுரத்தில் இந்தக் குடியிருப்புக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. எதிர் வீடு சந்திரிகாவுடையது. அவள் கணவர் தவறிப் பதினோரு வருஷம். ஒரே பிள்ளை ஸ்ரீஹரி மெல்போர்னில் இருக்கிறான்.

ஒவ்வொரு நவராத்திரிக்கும் அவள் வீட்டுக் கூடத்தில் ஒன்பது படிக் கொலு. பொம்மை அவளுடையது, துணி என்னுடையது. படிக்கு விரிப்பு, வாசலுக்கு மாவிலை மாதிரி வெட்டித் தைத்த துணித் தோரணம், வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்க நூற்றெட்டு சுருக்குப் பை எல்லாம் என் கைவேலை. ஆவணி பிறந்ததும் ஆரம்பித்துவிடுவேன். வருகிறவர்கள் 'சந்திரிகா மாமி ஆத்துக் கொலு' என்றுதான் சொல்வார்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. கொஞ்சம் இருந்தது, ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

சந்திரிகாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. இரண்டு பாதத்திலும் உணர்ச்சி போய்விட்டது. ஒரு தடவை கொதிக்கிற தண்ணீர் காலில் கொட்டியதுகூட அவளுக்குத் தெரியவில்லை, நான்தான் பார்த்துப் பதறினேன். வீட்டுக்குள்ளேயும் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொலு வைத்த வீட்டில் ரப்பர் செருப்போடு நடக்க அவள் மனசு ஒப்பவில்லை.

"அம்பாள் முன்னாடி செருப்பைப் போட்டுண்டு நிக்கறதா? நன்னாருக்கு போ" என்றாள்.

துணியில் தைத்தால் தினமும் நனைத்து உலர்த்தலாம், மடி ஆசாரத்துக்கும் குறைவில்லை. அந்த யோசனை என்னுடையது. மூன்று வருஷமாக நவராத்திரிக்கு நவராத்திரி ஒரு புது ஜோடி தைத்துக் கொடுத்து வருகிறேன். அதைத்தான் அவள் என்னிடமிருந்து ஆசையாக வாங்கிக்கொள்வாள்.

இந்த வருஷம் பரணிலிருந்து பொம்மைகளை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தோம். செட்டியார் பொம்மையின் தொப்பையைத் துடைத்தபடியே சொன்னாள்.

"ஹரி எனக்கு டிக்கெட் போட்டுட்டான் காமு. விஜயதசமி கழிஞ்சு பத்தாம் நாள்."

"எத்தனை மாசம்?"

"மாசமாவது. இனிமே அங்கேயேதான். இந்த ஆத்தை வித்துடலாம்கறான். பொம்மையெல்லாம் நீயே வெச்சுக்கோ."

எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. காலையில் நான் கதவைத் திறக்காவிட்டால் ஏன் என்று கேட்க இந்தக் கட்டடத்தில் வேறு நாதி கிடையாது. நீ என்ன பண்ணுவாய் என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்த பொம்மையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் மத்தியானம் இடது கால் செருப்பைத் தைக்கும்போது, கட்டை விரல் படும் இடத்தில் மிஷின் ஊசி உடைந்தது. மடிப்பு தடிமனாக இருந்தால் உடைவது சகஜம். உடைந்த நுனி கைக்குக் கிடைக்கும்வரை அடுத்த தையல் போடக் கூடாது என்று முப்பது வருஷம் பள்ளிப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஊருக்குத்தான் உபதேசமா என்று நீங்கள் கேட்கலாம். நான் தேடினேன். தரையில் தேடினேன், மிஷினுக்கு அடியில் தேடினேன். கடைசியில் காந்தத்தை எடுத்துச் செருப்பின் மேல் ஓட்டினேன். ஓர் இடத்தில் அது நின்றுகொண்டது. தையலைப் பிரித்து நுனியை எடுக்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது. காந்தத்தை டப்பாவில் போட்டுவிட்டு, புது ஊசி மாட்டித் தைத்து முடித்தேன்.

ஊசியை நான் வைக்கவில்லை. அது தானாக உடைந்தது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். காலில் சின்னதாக ஒரு புண் வந்தால் டாக்டர் இப்போது பிரயாணம் வேண்டாம் என்பார். போகிற நாள் தள்ளிப்போகும், அதற்குள் அவள் மனசு மாறும். அவ்வளவுதான் நினைத்தேன். அவளுக்கு வலிக்கப் போவதும் இல்லை.

முதல் நாள் கொலுவன்று நானே குனிந்து மாட்டிவிட்டேன். அவளுக்கு முழங்கால் சரியாக மடங்காது. "கரையை மேல வர மாதிரி தெச்சிருக்கியே, நன்னாருக்குடி" என்று காலை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வழக்கம்போல் நனைக்க எடுத்து வந்தபோது செருப்பின் உட்புறம் மிளகளவு ரத்தக் கறை இருந்தது. உப்புப் போட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசினேன். கறை போய்விட்டது. காயவைத்து மறுநாள் காலை மாட்டிவிட்டேன். அதற்கு மறுநாளும் மாட்டிவிட்டேன். அன்று சாயங்காலம் காந்தத்தை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். அது எங்கேயும் நிற்கவில்லை.

ஏழாம் நாள் காலை அன்புக்கரசி தரை துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வீட்டுக்கும் அவள்தான் வேலை செய்கிறவள். சந்திரிகா செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"யம்மா, இன்னாமா வெரலு கறுப்பா கீது? டாக்டராண்ட காட்டும்மா" என்றாள் அன்புக்கரசி.

சந்திரிகா குனிந்து பார்க்க முயன்றாள், முடியவில்லை. "சித்த பாரேன் காமு" என்றாள்.

நான் தரையில் உட்கார்ந்து காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். கட்டை விரல் வீங்கி மினுமினுவென்று இருந்தது. லேசாக வாடையும் வந்தது. இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஜயதசமிக்கு மூன்று நாள் இருந்தது. டிக்கெட்டுக்குப் பதிமூன்று நாள். இப்போது காட்டினால் ஒரு வாரத்தில் ஆற்றி அனுப்பிவிடுவார்கள்.

"ஒண்ணுமில்லை. செருப்புச் சாயம் ஒட்டிண்டிருக்கு" என்றேன்.

பத்து வருஷம் துவைத்த புடவையில் சாயம் போகாது. சந்திரிகாவுக்கும் அது தெரியும், அது அவள் கட்டிக் கிழித்த புடவைதான். ஆனால் நான் சொன்னால் நம்புவாள். "சாயமா, சரி" என்று காலை இறக்கிக்கொண்டாள்.

"நா சொல்றத சொல்ட்டேன்மா. அப்பால உங்க இஷ்டம்" என்று வாளியை எடுத்துக்கொண்டு அன்புக்கரசி போய்விட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று நான் விரலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டேன். அதன் பிறகு நிறம் தெரியவில்லை.

விஜயதசமியன்று குளிர் காய்ச்சல் கண்டது. மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தது நான்தான். அதற்கு அடுத்த நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்த காலில் அரை அங்குல இரும்பு இருந்தது என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குச் சொல்லித்தான் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். கால் போகும் என்று நான் நினைக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன், நடிப்பில்லை. பறந்து வந்த ஸ்ரீஹரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லேன்னா அம்மா என்ன ஆயிருப்பா மாமி" என்றான். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டதாகவும் சொன்னான். அன்று வீட்டுக்கு வந்து ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டேன்.

சந்திரிகாவிடம் ஊசி நுனியைக் காட்டினீர்களாம். சாயம் என்று நான் சொன்னதை அவள் உங்களிடம் சொன்னாளாம். என்னை அறைக்குள் விட வேண்டாம் என்றாளாம். புண் ஆறியதும் பிள்ளையோடு போய்விடப் போகிறாளாம். மருந்து மயக்கத்தில் மனிதர்கள் என்னென்னவோ பேசுவார்கள், அதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். சர்க்கரை உடம்பு, ஆற எப்படியும் மூன்று மாதம் ஆகும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் எங்கே போய்விடும். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் அவள் மனசு மாறிவிடும்.

மாறாமல் போனால், வலது கால் இருக்கிறது.