பதினெட்டிலிருந்து முந்நூறு வரை

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், செங்கல்வராயன், வயது எழுபத்தொன்று. என் மனைவி ரத்னா. என் தம்பி ஏழுமலை. என் இளைய மகள் பானு. பொன்னேரியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சுப்பிரமணி. மேசைமேல் ஒரு லென்ஸும் இருந்தது. அது நல்ல லென்ஸ். வாங்க நினைப்பவர்களுக்கு இன்றும் அதைத்தான் சொல்வேன்.

பானு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனை வேலை பார்த்தாள். போனஸில் ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பழவேற்காட்டுக்குப் போய்ப் பூநாரைகளைப் படம் எடுப்பாள். கேமராவோடு வந்த சின்ன லென்ஸில் பூநாரை கொசு அளவுக்குத்தான் விழுந்தது. இரண்டு லென்ஸ் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடலாம். ஆனால் அங்கே காற்றில் மணல் பறக்கும், கழற்றுகிற நேரத்தில் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். ஆகவே கிட்டத்துக்கும் தூரத்துக்கும் ஒன்றே போதும்படியான சூப்பர் ஜூம் லென்ஸ் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் வாங்கித் தருகிறேன் என்றேன். டிவி ரிமோட்டில் சத்தம் கூட்டத் தெரியாத மனிதன் இப்படிச் சொன்னால் வீட்டில் சிரிக்கத்தான் செய்வார்கள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு மாதம் யூடியூபில் உட்கார்ந்து படித்தேன். தூரம் போகப்போக லென்ஸ் இருட்டிக்கொண்டு வரும் என்பதும், கை ஆடினாலும் படம் ஆடாமல் இருக்க உள்ளே ஒரு ஏற்பாடு உண்டு என்பதும் எனக்குத் தெரிந்தது. எங்கள் ஊர் நெல் மில்லில் சிலரைப் பிடித்து வைத்து விளக்கினேன். அவர்கள் தப்பிக்க வழி தேடினார்கள்.

பானுவுக்குப் பிடித்தது பதினெட்டு மில்லிமீட்டரிலிருந்து நூற்றைம்பது வரை போகும் லென்ஸ். எண் கூடக்கூடத் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். நான் முந்நூறில் நின்றேன். சுப்பிரமணிக்குத் தெரிந்த கடையில் வாங்குவதாக ஏற்பாடு.

"ஐயா, எல்லா வேலையும் ஒரே லென்ஸ் செய்யணும்னா எதையாவது விட்டுக்குடுக்கணும்" என்றான் அவன். "முன்னூறுல படம் கொஞ்சம் சாஃப்ட்டா, கூர்மையில்லாம வரும். வெயிட்டும் ஜாஸ்தி. பொண்ணு கேக்கறது கைக்கு அடக்கமா இருக்கும்."

"முன்னூறு" என்றேன்.

"பறவைக்குன்னா முன்னூறே பத்தாது ஐயா. இன்னாதான் பாக்கப் போறீங்க?"

"தூரத்துல இருக்கறத."

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பானு என் கையைப் பிடித்துக்கொண்டு, "தேங்க்ஸ் நைனா" என்றாள். என் மகள் சிறுவயதிலிருந்து என்னை நைனா என்றுதான் கூப்பிடுவாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் சற்றுப் பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் மாடியிலிருந்து பெரிய ரோட்டில் கம்பெனி பஸ் நிற்கும் இடம் வரைக்கும் இருநூற்றைம்பது மீட்டர். லென்ஸ் வாங்குவதற்கு முன்பே நடந்து அளந்துவிட்டேன். நூற்றைம்பதில் அங்கே முகம் தெரியாது.

பானு இரண்டு வரன்களை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். காரணம் சொல்லவில்லை. காரணம் இல்லாமலும் ஒரு பெண் வேண்டாம் என்று சொல்லக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை. காரணம் என்றால் அதற்கு மீசை இருக்கும் என்று முடிவு செய்தேன்.

வேலை நாட்களில் அவள் கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போவாள். ஆறரை மணி பஸ். அவள் தெருவைத் தாண்டியதும் நான் மாடிக்குப் போய்விடுவேன்.

"பூநாரை பாக்கப் போறாராம்" என்றாள் ரத்னா. "அது இன்னா கம்பெனி பஸ்ஸுல ஏறி வேலைக்கா போவுது?"

குடும்பத் தலைவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டிருக்கும்போது வாதம் செய்வது முறையல்ல.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை படம் கிடைத்தது. பானு நீலச் சீருடையில், எனக்கு முதுகு காட்டி நிற்கிறாள். அவள் தோளுக்கு மேலே ஒருவன் முகம். அவள் காதில் ஏதோ சொல்லிச் சிரிப்பதுபோல் குனிந்திருக்கிறான். வெயில் நன்றாக விழுந்திருந்தது. சாஃப்ட்டாக வரவே இல்லை.

அந்த நேரம் பார்த்து ஏழுமலை வந்தான். காட்டிவிட்டேன்.

"இன்னாண்ணா இது, இப்படி ஒட்டிக்கினு நிக்குதுங்க?"

"என் கண்ணு தப்பாதுடா" என்றேன்.

மத்தியானத்துக்குள் அந்தப் பேச்சு பக்கத்து ஆரணிவரை போய்விட்டது. இருபது வருடங்களாக எங்கள் வகையறாவில் எந்த விஷயத்துக்கும் கடைசி வார்த்தை என்னுடையது. அப்படிப்பட்டவன் குடும்ப மானத்தைக் காப்பாற்ற என்ன செய்தான் என்று கேட்டால், அந்தப் படத்தைப் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குல அளவில் பளபளப்பான தாளில் பிரிண்ட் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சுப்பிரமணி அதைக் கொண்டுவந்தான். கூடத்தில் விரித்து வைத்தேன். பானு வெகுநேரம் பார்த்தாள்.

"இது யாரு?"

"அத நீதான் சொல்லணும்" என்றான் ஏழுமலை.

"நைனா, சத்தியமா இந்த ஆள எனக்குத் தெரியாது."

"தெரியாதவன்தான் காதாண்ட வந்து சிரிச்சிக்கினு இருக்கானா?"

"சித்தப்பா, நீ கொஞ்சம் சும்மா இரு." அவள் படத்தைக் கையில் எடுத்தாள். தரப் பரிசோதனை செய்கிற பெண் அல்லவா, ஓரங்களைத்தான் முதலில் பார்த்தாள். "கீழ ஏன் வெட்டியிருக்கு? கால் எங்க? முழுப் படம் எங்க நைனா?"

சுப்பிரமணி வாயைத் திறந்தான்.

"காபி ஆறுது சுப்பிரமணி" என்றேன்.

அவன் குடித்தான். எங்கள் வகையறாவில் அந்த வருடம் மூன்று கல்யாணம் இருந்தது. மூன்றுக்கும் படம் எடுப்பது அவன்தான்.

"எம் பொண்ணு தெரியாதுன்னா தெரியாதுதான்" என்றாள் ரத்னா. "நீங்க அத தூரத்துலேந்து பாத்ததுதான் தப்பு. கிட்டக்கப் போயி கேட்டிருக்கலாம்ல?"

நான் குரலை உயர்த்தவில்லை. வேலையை விட வேண்டும், இரண்டாவதாக வந்த வரனுக்குச் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் இந்த வீட்டில் இடம் இல்லை என்று சொன்னேன். பானு என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் துணிகளை எடுத்து வைத்தாள். கேமராவை எடுத்துக்கொண்டாள். லென்ஸை மட்டும் கழற்றி மேசைமேல் வைத்து, "இது உனக்குத்தான் வாங்கின நைனா, நீயே வெச்சிக்கோ" என்றாள்.

இப்போது மீதியைச் சொல்கிறேன். பிரிண்ட் போடக் கொடுத்த அன்றே சுப்பிரமணி கம்ப்யூட்டரில் முழுப் படத்தையும் எனக்குக் காட்டினான்.

"ஐயா, லாங்குல, அதான் ஜூம் பண்ணி எடுத்தா, முன்னபின்ன இருக்கற தூரம் சுருங்கிடும். அந்த ஆளு கால பாருங்க, நம்ம பொண்ணு கால் மட்டத்துக்கு மேல இருக்குது. நடுவுல கறுப்பா கோடு போவுதே, அது ரோடு. அவரு அந்தாண்ட பக்கம் நின்னுக்கினு போனப் பாத்து சிரிக்கிறாரு."

எனக்குப் புரிந்தது. இரண்டு மாதம் படித்தவன் நான். யூடியூபில் அதற்கென்றே ஒரு வீடியோ பார்த்திருக்கிறேன். மறுநாள் காலை ரோட்டுக்கே போய் விசாரித்தேன். அவன் பெயர் மோகன்ராஜ். வள்ளூர் மின் நிலையத்துக்குப் போகும் வேனுக்காக எதிர்ப்பக்கம் நிற்பவன். மனைவி, இரண்டு பிள்ளைகள் உண்டு.

ஆனால் அதற்குள் ஊர் முழுக்க என் வார்த்தை போய்விட்டிருந்தது. என் கண் தப்பிவிட்டது, நான் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்து பெற்ற மகளையே படம் பிடித்தேன் என்று எழுபத்தொரு வயதில் வீடு வீடாகப் போய்ச் சொல்வதா? அவளுக்கு வயது இருபத்தேழு. தாங்கிக்கொள்ள நிறையக் காலம் இருக்கிறது. எனக்கு அவ்வளவு இல்லை. யோசித்துப் பார்த்தால் நியாயமாகவே தோன்றியது. சுப்பிரமணிக்குப் போன் செய்து, கால்களை வெட்டிவிட்டு மேல்பக்கத்தை மட்டும் போடச் சொன்னேன். கேமராவில் இருந்த முழுப் படத்தை நானே அழித்தேன்.

செங்கல்வராயன் மகள் படத்தில் இருந்தவனோடு ஓடிப்போய்விட்டாள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. பானு ஓடவில்லை. காலை பதினொரு மணிக்குத் தனியாக, கும்மிடிப்பூண்டி பஸ்ஸில் போனாள். அவள் பையை வாசலில் கொண்டுபோய் வைத்தவன் நான்.