மேடை ஏற மறுக்கும் டொமினிக்

அவைக்குத் தலைமை தாங்கும் பங்குத்தந்தை அவர்களே! மது மறப்போர் மன்றத்தை மகவைப் போல் வளர்த்துவரும் சகோதரி ஃபாத்திமா அவர்களே! விவேக் நகர் வீதிகளிலிருந்து திரண்டு வந்திருக்கும் பெரியோர்களே! கணவர் குடியை விட்டதாகச் சொன்னதும் நம்பிவிடாமல், வாயை ஊதிக் காட்டச் சொல்லும் அனுபவம் மிகுந்த தாய்மார்களே! பத்தாம் வகுப்பு மாணவியான என் பணிவான வணக்கம்.

என் தந்தை டொமினிக் மதுவைத் தொடாமல் இன்று ஓராண்டை நிறைவு செய்கிறார். தட்டுங்கள், நன்றாகக் கை தட்டுங்கள், கடைசி வரிசையில் இருக்கும் அவர் காதில் விழட்டும்! ஏனென்றால் இங்கே சாட்சி சொல்ல வேண்டியவர் அவர். ஒரு வாரமாக அழைக்கிறோம். "மேடை மட்டும் வேணாம்மா, விட்ரு" என்கிறார். மோட்டார் ஷெட்டில் லாரிக்கு அடியில் படுக்க அஞ்சாதவர் மூன்றே மூன்று படி ஏற அஞ்சுகிறார். அவரை ஏற்றாமல் நான் இறங்குவதில்லை!

அவர் முதன்முதலில் குடியை விட்ட வரலாற்றைக் கேளுங்கள். நம் பகுதியில் வேண்டுதல் என்றால் குழந்தை இயேசுவுக்கு ஒன்பது வியாழக்கிழமைதானே? அப்பா ஒன்பது வியாழனும் வந்தார், மெழுகுவர்த்தி ஏற்றினார், மண்டியிட்டார், ஒரு சொட்டும் தொடவில்லை. வெள்ளிக்கிழமை? சிரிக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது!

என் தாய் மௌரீன் கேட்டார்: "இன்னாங்க இது? நேத்துதானே சாமிகிட்ட சொன்னீங்க?"

"வியாழக்கிழம குடிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். சொன்ன சொல்லு மாறினேனா?"

"மாறல. மத்த ஆறு நாளும் சாமிக்கு லீவா?"

அப்பாவின் கூட்டாளி சின்னப்பா மாமா கன்னடம் கலந்து குறுக்கே வந்தார்: "சும்னே இரு தங்கச்சி. மனுசன் ஒரு நாளாவது நிறுத்துறான் இல்ல!"

தலையைக் குனியாதீர்கள் மாமா. நீங்களும்தான் எட்டு மாதமாக மன்றத்துக்கு வருகிறீர்களே!

சென்ற ஆண்டு அல்சூரில் ஒரு பேச்சுப் போட்டி. எனக்கு முதல் பரிசு. அப்பா சாமந்தி மாலையோடு வந்தார், நிதானம் இழந்து வந்தார். "எம் பொண்ணு! எம் பொண்ணு!" என்று கூவிக்கொண்டே மேடை ஏறினார். அரங்கம் சிரித்தது. "யாரும்மா இவரு?" என்று நடுவர் கேட்டார். எட்டு நிமிடம் தடையின்றிப் பேசிய இந்த வாய் சொன்ன பதில் என்ன தெரியுமா?

"எனக்குத் தெரியாது."

அப்பா மாலையை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் காலை சகோதரி ஃபாத்திமாவின் வாசலில் நின்றார்.

தவக்காலத் தியானத்தில், "உங்களைக் காயப்படுத்தினவங்க பேரை எழுதி, மன்னிச்சு ஜெபம் பண்ணுங்க" என்றார் சகோதரி. அப்பா எழுதினார், எழுதினார், வாக்காளர் பட்டியல் போல எழுதினார். முதலாளி, மைத்துனர், தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவர் எனப் பதினேழு பேர். மூன்றாவது பெயர் மௌரீன்!

"எனக்கு மன்னிப்பா? நான் இன்னா பண்ணேன்?"

"கிறிஸ்மஸுக்கு வச்சிருந்த பாட்டிலை ரோஜாச் செடிக்கு ஊத்தினியே!"

"அந்தச் செடி செத்தே போச்சு. அதுகிட்ட யாரு மன்னிப்புக் கேக்குறது?"

நானும் என் பெயரைத் தேடினேன். இல்லை. "ஏம்ப்பா, என் பேரு இல்ல?" என்றேன்.

"நீ என்னம்மா தப்பா சொன்ன? அந்த நெலமையில வந்தவன் உனக்கு யாரோதானே?"

அவையோரே, குடித்த கை குணமாகிவிட்டது. மகள் மறுத்த மனம் குணமாகிவிட்டதா? மருந்து தந்தார்கள், மன்றாடினார்கள், மன்றம் தாங்கியது. அத்தனைக்குப் பிறகும் உள்ளே ஒரு காயம், ஆண்டவரின் விரலுக்கும் காட்டாத காயம்! ஓராண்டாக நானும், "இயேசுவே, என் அப்பாவைத் தொட்டுக் குணமாக்கும்" என்று தினமும் கேட்டேன். அந்த மருந்தை என் நாவில்தான் வைத்திருக்கிறார் என்பது இந்த வாரம்தான் விளங்கியது. புத்தகம் படிப்பவர்களுக்குச் சில விஷயங்கள் தாமதமாகத்தான் விளங்கும், மன்னியுங்கள்.

ஆகவே ஒலிபெருக்கி அறிய, ஊர் அறியச் சொல்கிறேன். அன்று நான் சொன்னது பொய். அவர் என் அப்பா. குடித்து வந்த அன்றும் என் அப்பா. குடிக்காத இன்றும் என் அப்பா. நாளை தடுமாறினாலும், தாங்கிப் பிடிக்க நான் ஓடும்போதும் என் அப்பா! உங்கள் பட்டியலில் என் பெயரையும் எழுதுங்கள் அப்பா. எழுதி, மன்னியுங்கள்.

அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு பாருங்கள், எழுந்துவிட்டார்! சின்னப்பா மாமா, தள்ளாதீர்கள், அவராகவே வரட்டும். அப்பா, செருப்பைக் கழற்ற வேண்டாம், இது பீடம் இல்லை... சரி, கழற்றுங்கள், உங்கள் விருப்பம்.

இவ்வளவு நேரம் பொறுமை காத்த உங்கள் அனைவருக்கும் நன்றி. உங்கள் காயங்களையும் ஆண்டவர் தொட்டு ஆற்றுவாராக! இனிப் பேச வேண்டியவர் வந்துவிட்டார். ஒலிவாங்கியை என் தந்தை திரு. டொமினிக் அவர்களின் கையில் கொடுத்து விடைபெறுகிறேன். வணக்கம்.