அதிகாரியின் காபியில் விழுந்த ரஸ்க்

அவைக்குத் தலைமை தாங்கிக்கொண்டே அடிக்கடி கைக்கடிகாரத்தையும் பார்த்து எனக்கு அச்சமூட்டும் தலைவர் அவர்களே, சுங்கத்துக்கும் சோதனைக்கும் நடையாய் நடந்தே நரைத்துப்போன இறக்குமதியாளர் சங்கத்துப் பெரியோர்களே, கடைக்கணக்கையும் வீட்டுக்கணக்கையும் ஒரே தலையில் சுமக்கும் தாய்மார்களே, நடு இருக்கையில் மாட்டிக்கொண்டு எழுந்து போக வழியில்லாத இளையோரே, அனைவருக்கும் மாவும் மணமும் கலந்த என் வணக்கம்.

'வெளிநாட்டுச் சந்தையில் வெல்வது எப்படி' என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரே வழி, அடுத்தவர் காபியில் கை வைப்பது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

நானும் என்னவரும் இங்கே சரக்கு இறக்கி விற்கிறவர்கள்; என் தம்பி நம் ஊரில் ரொட்டி சுடுகிறவன். அவன் சுடும் ரஸ்க் பார்த்தால் பொன்னிறம், பல்லில் பட்டால் பாட்டு. "இத நாம இங்க விக்கலாம்டா" என்று ஆசை காட்டியவள் நான். அக்கா சொல்லைத் தட்டாத அந்தப் பிள்ளை, உள்ளூர்க் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்த பன்னையும் ரொட்டியையும் நிறுத்திவிட்டு, இருந்த ஒரே அடுப்பை எங்களுக்காகவே எரித்தான். பொட்டலம் கட்டினான், பெட்டி அடுக்கினான், கன்டெய்னர் நிறைய அனுப்பினான்.

வந்தது சரக்கு. வாங்கினார்களா? வாங்கினார்கள். தின்றார்களா? திருப்பிக் கொடுத்தார்கள். "ரொட்டி காஞ்சு போச்சு" என்றார்கள். ரஸ்க்கைப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்பது, கடலைப் பார்த்து நனைந்துவிட்டது என்பது போல அல்லவா? கடைக்காரர் ஒருவர் நல்ல மனதோடு எங்கள் பொட்டலங்களை இடம் மாற்றி வைத்தார். எங்கே தெரியுமா? நாய்த்தீனி அடுக்கில். அங்கே நன்றாகவே விற்றது. ஆமாம், பின்வரிசை ஐயா, நாய் நன்றியுள்ளது, திருப்பித் தரவில்லை.

கிடங்கில் பெட்டிகள் கூரையைத் தொட்டன. தம்பி தொலைபேசியில் கேட்டான்: "அக்கா, அடுத்த லோடு சுடவா, இல்ல அடுப்ப அணைச்சிடவா?" அணைத்தால், எங்களுக்காக அவன் கைவிட்ட கடைகள் அவனிடம் திரும்பி வருமா? வராது. "ரெண்டு நாள் பொறுடா" என்றேன்.

மிச்சமிருந்தது ஒரே வாசல். ஊரெங்கும் கிளை பரப்பிய ஒரு பெருங்கடையின் கொள்முதல் அதிகாரி, ஓர் அம்மையார். கண்ணாடிச் சுவர் அறை, நீள மேசை, மேசைமேல் ஆவி பறக்கும் அவருடைய காபி. என்னவர், அதோ மூன்றாவது வரிசையில் குனிந்து தரையில் எதையோ தேடுகிறாரே, அவரேதான், விளக்கப்படம் விரித்தார். கோதுமையின் குணம் பேசினார், இருமுறை சுடும் இரகசியம் பேசினார், ஈரம் புகாத உறையின் உயர்வு பேசினார். பொறுமையாகக் கேட்ட அம்மையார் ஒரு ரஸ்க்கைக் கடித்தார். 'கடக்' என்றது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவர் மொழியில் கேட்டார்: "இது பழசாப்போன ரொட்டிதானே? இதுக்கு எதுக்குங்க இவ்வளவு படம்?"

என்னவர் அடுத்த படத்தைத் திருப்பினார். என் கண்ணில் தம்பியின் அடுப்பு தெரிந்தது. எழுந்தேன். ஒரு ரஸ்க்கை எடுத்தேன். அம்மையாரின் காபியில் முக்கினேன்.

தாய்மார்களே, அடுத்தவர் கோப்பையில் கை விடுவது எந்த நாட்டில் நாகரிகம்? எந்த நாட்டிலும் இல்லை. மேசைக்கடியில் என்னவர் என் காலை மிதித்தார். பிடி தளர்ந்தது. ரஸ்க் பாதியாய் ஒடிந்து, தொபுக்கென்று காபிக்குள் மூழ்கியது.

"ஏம்மா, என்ன பண்ணிட்ட நீ" என்று என்னவர் நம் மொழியில் முனகினார்.

"பேசாம இருங்க, ஊறட்டும்" என்றேன்.

அம்மையார் கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெல்லக் கரண்டியை எடுத்து, ஊறிய துண்டை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடினார். பிறகு யாரையும் கேட்காமல் இன்னொன்றை எடுத்துத் தானே முக்கினார். தின்று முடித்ததும் கதவைத் திறந்து பக்கத்து அறைக்குக் குரல் கொடுத்தார்: "எல்லாரும் அவங்கவங்க காபியோட இங்க வாங்க."

வந்தார்கள் ஐயா, வந்தார்கள். கோப்பையோடு வந்தார்கள், குவளையோடு வந்தார்கள், காபி குடிக்காத ஒருவர் வெந்நீரோடு வந்தார். மேசையெங்கும் தூள். என்னவரின் விளக்கப்படம் கைதுடைக்கப் பயன்பட்டது. "உறைமேல ஒரு கோப்பை படம் போட்டுக் குடுங்க. காபித்தூள் பக்கத்துல அடுக்குறேன், எல்லா கிளையிலயும்" என்றார் அம்மையார்.

அன்பான வணிகப் பெருமக்களே, கப்பல் பண்டத்தைக் கொண்டுவரும், பழக்கத்தைக் கொண்டுவருமா? உறை விலையைச் சொல்லும், உண்ணும் விதத்தைச் சொல்லுமா? நாம்தான் சொல்ல வேண்டும். கூச்சத்தை விட்டுச் சொல்ல வேண்டும், கும்பிட்டுச் சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் கோப்பைக்குள் கை விட்டும் சொல்ல வேண்டும். நம் பண்டத்துக்கு நாமே வெட்கப்பட்டால், வேறு யார் அதை வாயில் வைப்பார்?

அன்று கார் நிறுத்துமிடத்தில் நின்றபடியே தம்பியை அழைத்தேன். "அக்கா, அணைச்சிடவா?" என்றுதான் ஆரம்பித்தான்.

"அணைக்காதடா. இன்னொரு அடுப்பு கட்டு."

மறுமுனையில் ரொட்டித் தட்டுகள் கலகலவென்று உருளும் சத்தம். "என்னடா ஆச்சு?" என்று பதறினேன்.

"ஒண்ணுமில்லக்கா. ஆடுறேன்" என்றான்.

நானும் ஆடினேன், வண்டிகளுக்கு நடுவில். என்னவரும் ஆடினார். இல்லையென்று தலையாட்டாதீர்கள், நான் பார்த்தேன்.

தலைவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கேட்கக் கேட்க நிறம் மாறிய என் கணவருக்கும் நன்றி. உங்கள் கிடங்குகள் காலியாகட்டும், உங்கள் வீடுகள் நிறையட்டும். வணக்கம்.